போனில் இருக்கும் நோட்ஸ்: அதே ஜிமெயில் போட்டால் தானாக வந்துவிடுமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 5

அப்பா கோயமுத்தூர் கணபதி பக்கம் மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்காருங்கண்ணா. ஒவ்வொரு மோட்டாரைப் பிரிக்கறப்பவும் கேஜ் (கம்பி தடிமன்), டர்ன்ஸ் (சுத்து எண்ணிக்கை), பிட்ச் (காயில் எத்தனை ஸ்லாட், அதாவது பள்ளம், தாண்டி உக்காரும்ங்கறது) எல்லாத்தையும் போன்ல நோட்ஸா அடிச்சு வெச்சிருவார். பல வருஷத்து டேட்டா. இப்ப டிஸ்ப்ளேல பச்சைக் கோடு விழுந்திருச்சு, கீழ்ப்பாதி டச் சில நேரம் எடுக்கறதில்ல. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுக்கலாம்னு போனா, கடைக்காரர் "அதே ஜிமெயில் போடுங்க, எல்லாம் தானா வந்துரும்"ங்கறார். நோட்ஸும் வந்துருமாங்க?

ஜூலை 5, இரவு

எந்தச் செயலியில் எழுதினார் என்பது தெரியாமல் வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் செய்யக்கூடாதது இருக்கிறது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். ரீசெட் போட விடாதீர்கள். டிஸ்ப்ளே மாற்றப் போகும் இடத்தில் "சாஃப்ட்வேர் போடணும்" என்று சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்ப்ளே மாற்ற சாஃப்ட்வேர் போட வேண்டியதில்லை. ஃபிளாஷ் போட்டால், அதாவது சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினால், பெரும்பாலும் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும்.

நான் மொபைல் சர்வீஸ் கடை நடத்துகிறேன். "தானா வந்துரும்" என்ற வார்த்தையை நம்பிப் பழைய போனைக் கைவிட்டு, பிறகு அழுதுகொண்டு வந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். போட்டோ வரும். தொடர்பு எண்கள் வரும். நோட்ஸ் விஷயத்தில்தான் ஆளுக்கொரு கதை.

ஜூலை 5, சற்று நேரம் கழித்து

டச் இன்னும் பாதி வேலை செய்கிறது என்றால் இன்றே ஒரு ஓடிஜி கேபிளும் (போனில் மவுஸ், பென் டிரைவ் செருக உதவுவது) சாதாரண கம்ப்யூட்டர் மவுஸும் வாங்கி வையுங்கள். மவுஸைச் செருகியதும் திரையில் அம்புக்குறி வரும். டச் முழுதாகச் செத்தாலும் திரை தெரிகிற வரை எல்லா வேலையும் மவுஸிலேயே முடிக்கலாம். சில கம்பெனி போன்களில் ஓடிஜி இணைப்பை செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட வேண்டும். பயன்படுத்தாமல் விட்டால் 10 நிமிடத்தில் அது தானே மூடிக்கொள்ளும் மாடல்களும் உண்டு. டச் வேலை செய்யும்போதே அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். செத்த பிறகு அதைத் திறக்கவே டச் வேண்டும்.

அதேபோல செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை (கம்ப்யூட்டரிலிருந்து போனை இயக்க விடும் வசதி) போட்டு, வீட்டு கம்ப்யூட்டரை ஒருமுறை இணைத்து 'அனுமதி' கொடுத்துவிடுங்கள். திரை முழுவதும் இருண்டுபோனால் கம்ப்யூட்டர் திரையில் போனைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. முன்பே அனுமதி கொடுத்திருந்தால்தான் அவை வேலை செய்யும். நோட்ஸ் எடுத்து முடித்ததும் மறக்காமல் டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும்.

ஜூலை 6

இப்போது தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் எழுதியவை கூகுள் கீப்பில், அதற்குப் பிறகு எழுதியவை போன் கம்பெனியே கொடுத்த நோட்ஸ் செயலியில், அதிலும் எந்தக் கணக்கும் போட்டு உள்ளே நுழையவில்லை. இது நல்ல உதாரணம், ஏனென்றால் இரண்டும் முற்றிலும் வேறு.

கீப்பில் எழுதியது கூகுள் கணக்கில் இருக்கிறது. புது போனில் அதே கணக்கைப் போட்டுக் கீப்பைத் திறந்தால் வந்து நிற்கும். அந்தக் கடைக்காரர் சொன்னது இந்த அளவுக்குச் சரி. ஆனால் இன்று பழைய போனில் நெட் இருந்து கடைசிக் குறிப்புகள் மேலே போய்விட்டனவா என்று கம்ப்யூட்டரில் அதே கணக்கைத் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இரண்டு ஜிமெயில் வைத்திருந்தால் இரண்டையும் பாருங்கள். எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் போனில் எத்தனை ஜிமெயில் இருக்கிறது என்பதே தெரியாது. கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது ஒன்று, மகள் போட்டுக் கொடுத்தது ஒன்று.

கம்பெனி நோட்ஸ் செயலியில், கணக்கு போடாமல் எழுதியது போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் கிளவுட் கணக்கை இப்போது திறந்து ஒத்திசைவு (சிங்க்) போடலாம், புது போன் அதே கம்பெனி என்றால் வந்துவிடும். வேறு கம்பெனி போன் வாங்கினால் அந்தச் செயலியே அங்கே இருக்காது. அதனால் அந்த வழியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு குறிப்பையும் திறந்து ஷேர் கொடுத்து, டெக்ஸ்டாக மெயிலுக்கோ கீப்புக்கோ அனுப்பச் சொல்வேன். நேரம் பிடிக்கும். மாலையில் அம்மாவும் மகனுமாக உட்கார்ந்து ஒருவர் திறக்க, ஒருவர் சரிபார்க்க என்று செய்தால் ஓடிவிடும்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு: சாம்சங் நோட்ஸில் பல குறிப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கோப்பாகச் சேமிக்கலாம். பிடிஎஃப், வேர்ட், டெக்ஸ்ட், அதன் சொந்த வடிவம் என்று கேட்கும். சொந்த வடிவம் சாம்சங் நோட்ஸுக்குள் மட்டுமே திறக்கும். கூடவே டெக்ஸ்டாகவும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

ஜூலை 6, மாலை

"ஆண்ட்ராய்டே ராத்திரியில பேக்கப் எடுக்குதே, அதுல வராதா" என்று கேட்டிருக்கிறார்கள். எடுக்கிறது. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015 முதல் செயலிகளின் தரவைக் கூகுள் கணக்குக்குத் தானாக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. போன் சார்ஜில், வைஃபையில், சும்மா கிடக்கும் நேரத்தில் நடக்கும். ஒரு செயலிக்கு 25 எம்பிதான். அதோடு, 'என் தரவை எடுக்காதே' என்று சொல்லிவிடும் உரிமை செயலியை எழுதியவருக்கு உண்டு. அப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மொபைல் டேட்டாவை மட்டும் நம்பி வாழும் வீடுகளில் வைஃபை என்ற நிபந்தனையே பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. செட்டிங்ஸில் கடைசியாக பேக்கப் எடுத்த தேதியைப் பாருங்கள், பலருக்கு மாதக்கணக்கில் பழைய தேதி இருக்கும்.

இன்னொன்று, போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் அந்த பேக்கப்பையே கூகுள் அழித்துவிடும். உடைந்த போனை மேசை டிராயரில் போட்டு "பேக்கப் இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 9

போர்டு (உள்ளே இருக்கும் மதர்போர்டு) செத்த போனிலிருந்து நோட்ஸ் எடுக்க முடியுமா என்று தனியாக ஒருவர் கேட்டார். முன்பெல்லாம் முடிந்தது. மெமரி சிப்பைக் கழற்றி, ரீடரில் வைத்து, உள்ளே இருப்பதை அப்படியே படித்த காலம் இருந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்கள் எல்லாமே உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்கி (என்கிரிப்ட் செய்து) வைத்தாக வேண்டும் என்பது விதி. அந்தச் சாவி அந்த போர்டோடு, உங்கள் பின் எண்ணோடு கட்டிப்போடப்பட்டது. சிப்பை மட்டும் எடுத்தால் கையில் கிடைப்பது அர்த்தமில்லாத பைட்டுகள். அதே போர்டை எப்படியாவது உயிர்ப்பித்து, பின் எண் போட்டு உள்ளே போனால்தான் உண்டு.

ஒரு தையற்கடை அம்மா வந்தார். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, வேறோர் இடத்தில் கொடுத்து, அங்கே ஹீட்டர் வைத்து போர்டு வெந்துபோய் எங்களிடம் வந்தது. ஜாக்கெட் அளவுகள் அத்தனையும் அதில். கழுத்து இறக்கம், கை நீளம், தோள்பட்டை, இந்த அக்காவுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தாராம். மைக்ராஸ்கோப்பில் வைத்து எவ்வளவோ பார்த்தோம், உயிர் வரவில்லை. "போன் போனா போகட்டும் தம்பி, இனி ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு மறுபடி அளவெடுக்கணுமே, அவங்க என்ன நினைப்பாங்க" என்றார். இந்த இழையில் இவ்வளவு எழுதுவதற்கு அந்த அம்மாதான் காரணம். போனில் எழுதுகிறவர்களில் மாணவர்களையும் ஆபீஸ்காரர்களையும்தான் எல்லாரும் மனதில் வைக்கிறார்கள். கைத்தொழில் செய்கிறவர்களின் மொத்தத் தொழில் ஞானமும் இன்று ஒரு செயலிக்குள் இருக்கிறது.

ஜூலை 12

கீப்பில் இருப்பது பத்திரம் என்று மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ கீப் போதும்" என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். போதாது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த பதில் பாதிதான்.

கீப், ஐகிளவுட் நோட்ஸ், சாம்சங் கிளவுட் எல்லாம் செய்வது ஒத்திசைவு. அது கண்ணாடி மாதிரி, இந்தப் பக்கம் அசைந்தால் அந்தப் பக்கமும் அசையும். போனில் ஒரு குறிப்பை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும். ஒரு குறிப்பில் 38 டர்ன் என்பதைத் தெரியாமல் 3 என்று ஆக்கிவிட்டால் எல்லா இடத்திலும் 3தான். கீப்பின் குப்பைத் தொட்டியில் 7 நாள்தான் இருக்கும், பிறகு கிடையாது. ஆப்பிள் நோட்ஸிலும் சாம்சங் நோட்ஸிலும் 30 நாள் அவகாசம். காயில் கடையில் ஒரு மோட்டார் டேட்டாவை அடுத்துத் தேடுவது அடுத்த கோடையில்தான். 7 நாளும் 30 நாளும் அங்கே எதற்கு உதவும்?

பகிர்ந்த குறிப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடையில் வேலை செய்யும் பையனின் கணக்கில் எழுதி அப்பாவுக்குப் பகிர்ந்திருந்தால், அவன் அழித்த அன்றைக்கே அப்பாவின் போனிலும் மறையும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. வேலையை விட்டுப் போகும்போது போனைச் சுத்தம் செய்தால் போதும்.

நேற்று இருந்த நிலையில் அசையாமல் நிற்கும் ஒரு பிரதி, போனுக்கு வெளியே, கணக்குக்கு வெளியே வேண்டும். அதைத்தான் நான் பேக்கப் என்பேன்.

ஜூலை 12, இரவு

எடுக்கும் வழி. கம்ப்யூட்டரில் 'கூகுள் டேக்அவுட்' என்று தேடி, அப்பாவின் கணக்கில் உள்ளே போங்கள். கூகுளின் எல்லாச் சேவைகளும் டிக் போட்டு நிற்கும். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, கீப் மட்டும் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் போட்டோ, மெயில் எல்லாம் சேர்ந்து பெரிய மூட்டையாக வந்து நிற்கும். தயாரானதும் மெயிலில் இணைப்பு வரும், 7 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். ஜிப் கோப்பைப் பிரித்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு கோப்பு இருக்கும். ஹெச்டிஎம்எல் உங்களுக்கு, எந்த பிரவுசரிலும் திறந்து தமிழில் படிக்கலாம். ஜேசன் மென்பொருளுக்கு, வேறு செயலிக்கு மாறும்போது அது உதவும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு 6 தடவை, 2 மாதத்துக்கு ஒன்றாகத் தானே தயாரித்து அனுப்பும் வசதியும் அதில் உண்டு. ஒரு வருடம் ஆனதும் மறுபடி போட்டுவிட வேண்டும். ஆனால் தயாராவதுதான் தானாக நடக்கும். இறக்கி, பென் டிரைவில் போட்டு, திறந்து பார்ப்பது நம் வேலை.

ஐபோன்காரர்களுக்கு: நோட்ஸைத் திறந்து ஃபோல்டர் பட்டியலைப் பாருங்கள். 'ஐகிளவுட்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவைதான் மேலே போகின்றன. 'ஆன் மை ஐபோன்' என்று ஒரு தலைப்பு இருந்தால் அதில் உள்ளவை போனுக்குள்ளேயே கிடக்கின்றன. மொத்தக் குறிப்புகளையும் பிரதியாக வாங்க ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் கேட்டு வாங்கலாம், சில நாள் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜூலை 15

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதைப் பற்றி மூன்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். 2022 நவம்பரில் அந்த வசதி வந்ததிலிருந்து ஊரில் பாதிக் கணக்கு வழக்கு அங்கேதான் நடக்கிறது. குறைசொல்ல மாட்டேன், நானும் பார்ட்ஸ் லிஸ்ட்டை அங்கே போடுகிறேன். ஆனால் அது அன்றாடச் சீட்டுக்கு. பல வருடம் தேட வேண்டிய டேட்டாவுக்கு ஏற்ற இடமில்லை. ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள் கணக்காகிறது. குடும்ப குரூப்பின் குட்மார்னிங் வீடியோக்கள் இடத்தை நிரப்பிவிட்டால் பேக்கப் நின்றுபோகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏற்கெனவே அங்கே எழுதிக் குவித்தவர்கள் அந்தச் சாட்டைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்', மீடியா இல்லாமல் என்று கொடுங்கள். 40,000 செய்தி வரை ஒரே டெக்ஸ்ட் கோப்பாக வரும், தேதி நேரத்தோடு. அது உண்மையிலேயே நல்ல பிரதி.

ஜூலை 18

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தொல்லைகள். இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

முதலாவது கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டு போனுக்குள் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக 3. 'மோட்டார்' என்ற சொல்லுக்கே 24 பைட் போய்விடும். ஆக மொத்தம் 85 குறியீடு. அப்பா மாதிரி "பீளமேடு கவுண்டர் தோட்டம் 7.5 ஹெச்பி சப்மெர்சிபிள் இரண்டாவது தடவை எரிந்தது" என்று முழுக் கதையையும் தலைப்பில் எழுதுகிறவர்கள் எல்லை அருகில் வந்துவிடுவார்கள். விண்டோஸ் வேறு மாதிரி எண்ணுவதால் அங்கே அந்தப் பெயர் நிற்கும், போனுக்குக் காப்பி செய்யும்போது பிழை வரும் அல்லது பெயர் வெட்டுப்படும். தலைப்பைச் சுருக்கி, கதையைக் குறிப்பின் உள்ளே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது நோட்பேட். 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8ல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில், குறிப்பாக விண்டோஸ் 7 ஓடும் ஜெராக்ஸ் கடைகளில், தமிழை ஒட்டிச் சேமித்தால் தமிழுக்கு இடமில்லாத பழைய 'ஆன்சி' முறையில் போகும். ஒரு எச்சரிக்கை வரும், அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டால் மறுபடி திறக்கும்போது எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. எண்கள் மட்டும் மிஞ்சும். கேள்விக்குறியாகச் சேமித்ததை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. சேமிக்கும் பெட்டியின் கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, திறந்ததும் தமிழுக்குப் பதிலாகக் கொம்பும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கோப்பு நன்றாக இருக்கிறது, திறக்கும் முறைதான் தவறு. எக்செல்லில் சிஎஸ்வி திறப்பவர்கள் அடிக்கடி இதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது பிடிஎஃப். பார்க்க, அச்செடுக்க அருமை. ஆனால் தமிழ் பிடிஎஃபிலிருந்து காப்பி எடுத்தால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி வருவது சகஜம், பல பிடிஎஃபுக்குள் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அதனால் பிடிஎஃபை ஒரே பிரதியாக வைக்காதீர்கள்.

ஜூலை 18, தொடர்ச்சி

தேடல் பற்றி மேலே சேர்க்க மறந்த ஒன்று. 'கொ' என்பதை இரண்டு விதமாகக் கணினி சேமிக்கலாம். ககரமும் 'ொ' என்ற ஒரே குறியும் ஒரு விதம். ககரம், 'ெ', 'ா' என்று மூன்றாக வருவது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு விசைப்பலகையில் எழுதிப் பிறகு வேறு விசைப்பலகைக்கு மாறியவர்களுக்கு, சில செயலிகளில் "கொடிசியா" என்று தேடினால் பாதிக் குறிப்புகள் வராது. காணாமல் போய்விட்டதாக நினைத்துப் பதறுவார்கள். அப்படியானால் 'டிசியா' என்று தேடிப் பாருங்கள்.

ஜூலை 23

கொஞ்சம் விலகிப் போகிறேன். 2020 ஜூன் 29ஆம் தேதி இரவு மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது நினைவிருக்கும். எல்லாரும் டிக்டாக் பற்றிப் பேசினார்கள். எங்கள் கடைக்கு அடுத்த சில வாரங்களில் வந்தவர்கள் கேட்டது கேம்ஸ்கேனர் பற்றி. ரசீது, பத்திர நகல், பிள்ளைகளின் கையெழுத்து நோட்ஸ் எல்லாம் அதில் ஸ்கேன் செய்து அதன் கிளவுடிலேயே வைத்திருந்தார்கள். போட்டோவாக கேலரியிலும் சேமித்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் திண்டாடினார்கள். எவர்நோட் என்ற நோட்ஸ் செயலியின் இலவசப் பயனர்களுக்கு 2023 டிசம்பரில் 50 குறிப்பு, ஒரே நோட்புக் என்று வரம்பு வந்தது. அது தடையில்லை, வியாபார முடிவு. பயனருக்கு இரண்டுமே ஒரு நாள் காலையில் எழுந்தால் நிலைமை மாறியிருப்பதுதான்.

எந்தச் செயலி நல்லது என்று இங்கே தொடர்ந்து கேட்கிறீர்கள். வெளியே எடுக்கும் வழி எளிதாக இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் சாதாரண எழுத்துக் கோப்பாக ஃபோல்டரில் வைக்கிறது, செயலியே இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஜோப்ளின் திறமூல மென்பொருள், முழுச் சங்கேதத்தோடு டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் என்று நமக்குப் பிடித்த இடத்தில் ஒத்திசைக்கும். ஆனால் 60 வயதுக்காரரை, கையில் வார்னிஷ் பிசுக்கோடு போனைத் தொடுகிறவரை, புதுச் செயலிக்கு மாற்றாதீர்கள். அவருக்குப் பழகியதில் எழுதட்டும். வெளியே எடுத்து வைப்பது வீட்டில் இளையவர்களின் பொறுப்பு.

ஜூலை 24

இப்படி வெளியே எடுத்து வைக்கும் அதே டெக்ஸ்ட் கோப்பில் ஏடிஎம் பின் எண்ணும் ஆதார் எண்ணும் நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் இருக்கின்றன, இல்லையா? பழுதுக்கு வரும் போன்களில் நோட்ஸின் முதல் குறிப்பே பெரும்பாலும் அதுதான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பென் டிரைவுக்குப் போகும் முன் அவற்றைப் பிரித்தெடுத்து பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாற்றுங்கள். பென் டிரைவ் தொலைந்தால் எடுத்தவர் யாராக இருந்தாலும் படிக்கலாம்.

ஆகஸ்ட் 2

கணக்கே கைவிட்டுப் போவதைப் பற்றி இதுவரை எழுதவில்லை. அப்பாவின் ஜிமெயில் எந்த மொபைல் எண்ணில் கட்டியிருக்கிறது? பழைய சிம், ரீசார்ஜ் போடாமல் விட்டது என்றால் உடனே மாற்றுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும், அந்த எண் காலப்போக்கில் வேறொருவருக்கு ஒதுக்கப்படும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டால் 'பேக்கப் கோட்ஸ்' எடுக்கலாம். 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். ஒரு தாளில் எழுதிப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

2 வருடம் தொடாத கணக்கை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. பழைய கணக்கில் குறிப்பு கிடந்தால் உள்ளே போய் எடுத்துவிடுங்கள்.

இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்: அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அந்த நோட்ஸ் யாருக்கு? 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று கூகுளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 3 முதல் 18 மாதம் வரை ஒரு கெடு வைத்து, அதுவரை கணக்கு அசையாமல் இருந்தால் நாம் குறிப்பிட்ட 10 பேர் வரைக்கும் தகவலும், விரும்பினால் தரவும் போகும்படி செய்யலாம். ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல் 'லெகசி காண்டாக்ட்' (நமக்குப் பின் நம் தரவை எடுக்க ஒருவரைக் குறித்து வைப்பது) இருக்கிறது. உயிரோடு நன்றாக இருக்கும்போது போட வேண்டியவை இவை.

ஆகஸ்ட் 10

எல்லாக் குறிப்புகளையும் எடுத்தாயிற்று என்று மாதிரிக்கு ஒன்றை இங்கே போட்டிருந்தீர்கள். பார்த்து மகிழ்ந்தேன். "5 ஹெச்பி 3 பேஸ், 36 ஸ்லாட், 8-10-12, 20½ கேஜ், 38 டர்ன், ரோட்டர் நல்லாருக்கு, பேரிங் மாத்தச் சொல்லியாச்சு." இந்த ஒரு வரிக்காக அவர் எரிந்த காயிலை வெட்டி எடுத்து, கம்பியை உரசி மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு சுற்று விடாமல் எண்ணியிருப்பார்.

அதனால் ஒரு வேலை பாக்கி. ஒட்டும்போதும் மாற்றும்போதும் '½' மாதிரிக் குறிகள் விழுந்துவிட வாய்ப்பு உண்டு. 20½ என்பது 20 ஆகியிருக்கிறதா என்று பழைய போனையும் புதுக் கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேஜ் தவறினால் கம்பி ஸ்லாட்டில் இறங்காது, அது உடனே தெரிந்துவிடும். டர்ன் குறைந்துபோனால்தான் ஆபத்து. மோட்டார் ஓடும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், சூடேறித் தோட்டத்தில் எரியும். எல்லாக் குறிப்பையும் பார்க்க முடியாவிட்டால் அடிக்கடி வரும் மாடல்களையாவது அப்பாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எண் தப்பாக இருந்தால் அவர் காது கண்டுபிடித்துவிடும்.

ஆகஸ்ட் 11

எங்கே எங்கே வைப்பது என்ற கேள்விக்கு: பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் செல்லும். 3 பிரதி, 2 வெவ்வேறு வகைச் சாதனம், அதில் 1 வேறு இடத்தில். உங்கள் வீட்டுக்கு அதைப் பொருத்தினால், போனிலும் கீப்பிலும் இருப்பதை ஒன்றாக எண்ணுங்கள், இரண்டும் சேர்ந்தே அழியும். வீட்டு கம்ப்யூட்டரில் ஒன்று. திருப்பூரில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு பென் டிரைவ். பென் டிரைவை பீரோவில் போட்டு வருடக்கணக்கில் மறந்துவிடாதீர்கள், மின்சாரமே காணாத ஃபிளாஷ் நினைவகம் மெல்ல மெல்லத் தரவை இழக்கும். தீபாவளிக்குப் போகும்போது செருகிப் பார்த்து, புதியதை மேலே எழுதாமல் தேதி போட்ட தனி ஃபோல்டரில் சேர்த்து வாருங்கள்.

அச்சையும் நான் பிரதியாகத்தான் எண்ணுவேன். மேலே பிடிஎஃபை மட்டம் தட்டியதாக ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அச்செடுக்க அதுதான் சரி. டெக்ஸ்டை ஹெச்பி வாரியாக அடுக்கி, பிடிஎஃப் ஆக்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு காயில் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். போனை எடுக்கக் கை சுத்தமாக இல்லாத நேரத்தில் அப்பா அதைத்தான் புரட்டுவார்.

செப்டம்பர் 20

இரண்டு தகவல். இந்த மாதம் வந்த ஐஓஎஸ் 26ல் ஆப்பிள் நோட்ஸிலிருந்து மார்க்டவுன் கோப்பாக (சாதாரண எழுத்துக் கோப்புதான்) வெளியே எடுக்க வழி கொடுத்திருக்கிறார்கள். ஜூலையில் ஐபோன் பற்றிச் சுருக்கமாக எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பு குறைவாக இருந்தால் ஒவ்வொன்றாக இப்படி எடுத்துவிடலாம்.

மற்றது, கேள்வி கேட்ட தம்பிக்கு. புது போன் வாங்கியாயிற்று, பழையதை இப்போது எக்ஸ்சேஞ்சில் போடலாமா என்றால், அக்கா வீட்டில் வேறொரு கம்ப்யூட்டரில், அப்பாவின் ஜிமெயில் போடாமல், அந்த பென் டிரைவைச் செருகி ஏதாவது ஒரு மோட்டாரின் டேட்டாவைத் தேடி எடுத்துப் பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிந்து, '½' விழாமல் இருந்து, அக்காவாலேயே அதை எடுக்க முடிந்தால் போடலாம். எடுக்க முடியவில்லை என்றால் எங்கே தடுக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், அதுவரை பழைய போனை அணைத்துப் போடாமல் வாரம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.